வானத்து ஏரியும் வெட்டப்படாத வாய்க்காலும்

ஏரி வெட்டுவது ஒரு வேலை. அதற்குக் கரையிடுவதும், கலிங்கு கட்டுவதும், மதகு வைப்பதும், மதகிலிருந்து கடைமடை வரை வாய்க்கால் இழுப்பதும் அதனோடு பிரிக்க முடியாத வேலைகள். ஏரியை மட்டும் வெட்டி, திறப்பு விழாவுக்கு அமைச்சரை அழைத்து மாலை சூட்டி அனுப்பிவிட்டு, வாய்க்காலை மறந்துபோன ஊரைப் பழந்தமிழர் எவரும் கண்டிருக்க மாட்டார். நிலத்தில் எந்த ஊராரும் செய்யத் துணியாத அம் மடமை, வானத்தில் பலமுறை நடந்திருக்கின்றது. செய்தித் தொடர்புக்கென மக்கள் வரிப்பணத்தில் பல நூறு கோடி உருபா செலவிட்டு மேலே அனுப்பப்பெறும் செயற்கைக்கோள்கள், கீழே அவற்றைப் பயன்கொள்ளும் ஏற்பாடு இன்மையால், தம் வாழ்நாளின் ஒரு பகுதியை வாளா சுற்றியே கழித்திருக்கின்றன. ஏவிய நாளில் முழங்கிய கைத்தட்டல் நாடறிந்தது. வாளா கழிந்த நாள்களின் கணக்கோ நாடறியாதது.

செயற்கைக்கோள் இயங்கும் முறையைச் சிறிது விளங்கிக்கொண்டால்தான் இவ் விழப்பின் தன்மை புலப்படும். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்பெறும் கோள், ஞாலம் சுழலும் அதே கால அளவில் தானும் ஒருமுறை சுற்றி முடிப்பதால், கீழிருந்து நோக்குவார்க்கு ஓரிடத்திலேயே நிற்பது போல் தோன்றும். அதன் உள்ளே இருக்கும் தலையாய கருவி, ஆங்கிலத்தார் டிரான்சுபாண்டர் என வழங்குவது. கீழிருந்து வரும் அலையை வாங்கி, அதன் அலைவெண்ணை மாற்றி, வலுவேற்றி, மீண்டும் நிலத்துக்கு அனுப்புவதே அதன் பணியாதலின், அலைமாற்றி என அதனைத் தமிழில் சொல்வது பொருந்தும். ஒரு கோளில் பன்னிரண்டோ, இருபத்து நான்கோ, அதற்கு மேலுமோ அலைமாற்றிகள் இருக்கும். ஒவ்வொன்றும் பல தொலைக்காட்சி வரிசைகளைச் சுமக்க வல்லது. அல்லது எட்டாத ஊர்கள் பலவற்றின் தொலைபேசி, கணினித் தொடர்புகளைச் சுமக்க வல்லது.

இவை இயங்குதற்கு வேண்டிய மின்னாற்றலைக் கதிரவன் விலையின்றித் தருகின்றான். ஆனால், கோள் தன் இடம் விட்டு வழுவாது நிற்பதற்கு எரிபொருள் வேண்டும். கதிரவனும் நிலவும் இழுக்கும் இழுப்பில் அது மெல்ல மெல்ல விலகும். விலகுந்தோறும் சிறிது எரிபொருளைச் செலவிட்டு அதனைத் திருப்பி நிறுத்துவர். வேறு பழுது நேராதாயின், அவ் வெரிபொருள் தீரும் காலமே கோளின் முடிவுக் காலம். முன்னைய கோள்கள் ஏழு ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு வாழ்நாளுக்கென அமைந்தன. இற்றை நாள் கோள்கள் பதினைந்து ஆண்டளவும் வாழும். அத்தனை ஆண்டும் எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். அலைமாற்றிகள் உழைத்தாலும் அது செலவாகும், உறங்கினாலும் செலவாகும். விற்காத நெல்லைக் குதிரில் இட்டு வைக்கலாம். பயன்படாத அலைமாற்றியின் ஒரு மணிநேரத்தை இட்டு வைக்கும் குதிர் எங்கும் இல்லை.

இருபத்து நான்கு அலைமாற்றிகளோடு பதினைந்து ஆண்டு வாழும் கோள் ஒன்றை எண்ணிக்கொள்க. கீழே நிலையங்கள் அமையாமையால் முதல் மூன்று ஆண்டுகள் அது வேலையற்றுக் கிடக்குமாயின், அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அதன் பின்னரும் ஆறு அலைமாற்றிகளை எவரும் கேட்டு வாங்கவில்லையாயின், எஞ்சியதிலும் காற்பங்கு போயிற்று. ஆக, மக்கள் கொடுத்த நூறு உருபாவில் நாற்பது உருபா வானத்திலேயே கரைந்தது. திருடன் ஒருவன் கருவூலத்தில் புகுந்து அதே நாற்பதைக் கொண்டு சென்றிருந்தால் காவலர் வருவர், வழக்கு எழும், இதழ்கள் எழுதும். இங்கோ எவரும் எதையும் எடுத்துச் செல்லவில்லை. ஆதலின் குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆற்றல் முழுவதையும் இறுதி அலைமாற்றி வரை குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுக்கே இல்லாமல் இருப்பதும் அறிவுடைமை அன்று. 2010 சூலையில் இன்சாட்-4பி கோளின் மின்னாற்றல் அமைப்பில் பழுது நேர்ந்து, அதன் 24 அலைமாற்றிகளில் பாதியை நிறுத்த நேர்ந்தபோது, அதனை நம்பியிருந்த சன் டைரக்ட் ஒளிபரப்பு தடைப்பட்டது. தமிழ் வீடுகள் பலவற்றில் திரை இருண்டது. அத்தகைய நாளுக்கெனச் சில அலைமாற்றிகளைக் காத்து வைப்பது விதைநெல்லைக் காப்பது போன்றது. அதனை எவரும் குறைகூறார். ஆனால், விதைநெல்லுக்கும் எலி தின்னவிட்ட நெல்லுக்கும் உள்ள வேறுபாட்டை உழவன் அறிவான்.

கீழே ஏற்பாட்டை முன்னதாகச் செய்துவிட்டால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு நெடுந்தொலைவு போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. 1975 ஆகட்டு முதல் நாள் தொடங்கி 1976 சூலை இறுதி வரை ஓராண்டுக் காலம் நடந்த சிற்றூர்த் தொலைக்காட்சி ஆய்வே சான்று. அன்று இந்திய அரசுக்குத் தனக்கென ஒரு தொடர்புக்கோள் இல்லை. அமெரிக்காவின் ஏ.டி.எசு-6 என்னும் கோளை ஓராண்டுக்கு மட்டும் இரவலாகப் பெற்றனர். இரவல் பொருளுக்குக் காலக்கெடு உண்டல்லவா? அதனால் கோள் வந்து நிற்கும் முன்னரே அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு நடுவத்தில் யசுபால் தலைமையில் அறிவியலார் உழைத்தனர். கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையைக் கொண்டே அலைவாங்கிக் கிண்ணங்கள் செய்தனர். ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை நிறுவினர். பழுது பார்ப்போரை ஏற்பாடு செய்தனர். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் உழவர்க்குமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணிநேர நிகழ்ச்சிகளைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரியத்திலும் இந்தியிலும் உருவாக்கினர். அந்த 2,400 ஊர்களுள் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை என்பது தனிக்கதை. ஆயினும் இரவல் கோளின் ஒரு நாளும் வீணாகாதபடி அவ் வோராண்டு கழிந்தது என்பதை மறைத்தல் முறையன்று.

இரவலுக்குக் காட்டிய அக்கறை, உடைமை வந்த பின் தளர்ந்தது. 1982 ஏப்பிரலில் ஏவப்பெற்ற இன்சாட்-1ஏ, எரிபொருள் தீர்ந்து அதே ஆண்டு செப்டம்பரில் செயலிழந்தது. அது உயிரோடிருந்த சில திங்களுக்குள், 1982 ஆகட்டு 15-ஆம் நாள், தில்லியிலிருந்து நாடு முழுமைக்குமான ஒளிபரப்பு தொடங்கியது. 1983-இல் இன்சாட்-1பி வந்ததும் ஊர்தோறும் சிறு ஒளிபரப்பிகள் விரைந்து எழுந்தன. ஆற்றல் பயன்படாது கிடந்தது என்று அக் காலத்தை எவரும் கூற இயலாது. ஆனால், எதற்குப் பயன்பட்டது? இரவின் முதன்மை நேரத்தில் தில்லியின் இந்தி நிகழ்ச்சியைத் திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் கொண்டுவந்து கொட்டுதற்குப் பயன்பட்டது. வாய்க்கால் வெட்டினர், ஆனால், தில்லியின் கழிவை இங்கே கொண்டுவரும் வாய்க்காலாக அதனை வெட்டினர். ஒரு மொழிக்கே மதகு முழுவதையும் திறந்துவிட்டால், ஏனை மொழிகளின் நோக்கில் ஏரி வறண்டதாகவே பொருள்படும்.

வாளா கழிந்த ஆற்றலுக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு எடுசாட் என்னும் கல்விக்கோள். 2004 செப்டம்பர் 20-ஆம் நாள் சிரீஅரிகோட்டாவிலிருந்து 1,950 கிலோ எடையுள்ள அக் கோள் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்திய அரசு செய்த முதற்கோள் அது. பன்னிரண்டு அலைமாற்றிகளைக் கொண்டிருந்த அதில், வட்டாரங்களுக்கெனத் தனித்தனிக் கற்றைகள் ஐந்து இருந்தன. தென்னாட்டுக்கென ஒரு கற்றை, கிழக்குக்கு ஒன்று, வடகிழக்குக்கு ஒன்று என்று பிரித்தமைத்ததன் கருத்தே, அவ்வந் நிலத்துப் பிள்ளைகள் அவ்வம் மொழியில் கற்கட்டும் என்பதுதான். கருத்துச் சிறந்தது. அதனை வகுத்த அறிவியலாரைப் பாராட்டுதல் தகும்.

ஆனால், கோள் மேலே சென்றபோது கீழே என்ன இருந்தது? கருநாடகம், மராட்டியம், நடுவண் மாகாணம் எனப்பெற்ற மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் மூன்று பல்கலைக்கழகங்களில், இன்சாட்-3பி கோளைக் கொண்டு முன்னோட்டமாக அமைத்த இணைப்புகள் இருந்தன. ஏனைய இடங்களில் கிண்ணங்கள் வாங்க வேண்டும். அதற்கு ஒப்பந்தப் புள்ளி கேட்க வேண்டும். மாநில அரசோடு உடன்படிக்கை எழுத வேண்டும். பள்ளிக்கு மின்னிணைப்பு வேண்டும். பாடம் ஆக்குதற்கு ஆசிரியரும் அரங்கமும் வேண்டும். இவையெல்லாம் கோள் ஏறிய பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கின. ஏழாண்டு வாழ்நாளுக்கென அமைக்கப்பெற்ற கோள், 2010 செப்டம்பரில், ஆறே ஆண்டில் பணி முடித்தது. இணைப்புகள் அமைவதில் நேர்ந்த காலத்தாழ்வையும், பாடங்கள் போதாமையையும், கோளின் ஆற்றல் முழுமையாகப் பயன்படாமையையும் நடுவணரசின் கணக்காய்வுத் தலைவரே பின்னர்த் தம் அறிக்கையில் சுட்டிக்காட்டினார். அறிக்கை வந்தபோது கோள் இல்லை. மருத்துவன் வரும்போது நோயாளி இடுகாடு சேர்ந்துவிட்ட கதைதான்.

எல்லாரும் உறங்கினர் என்பதும் பிழை. கேரள அரசு விழித்திருந்தது. 2005 சூலை 28-ஆம் நாள், கோள் ஏறிய பதினொரு திங்களுக்குள், அப்துல் கலாம் தொடங்கி வைக்க, விக்டர்சு என்னும் பள்ளிக் கல்வி ஒளிபரப்பை அது எடுசாட் வழியே தொடங்கியது. பாடங்களை மலையாளத்தில் ஆக்கியது. எடுசாட் மறைந்த பிறகும் அவ் வமைப்பைக் கைவிடாமல் வேறு வழிகளில் நடத்திவந்தது. பதினைந்து ஆண்டு கழித்து, கொரோனாக் கொள்ளைநோயால் பள்ளிகள் அடைபட்டபோது, 2020 சூன் முதல் நாளன்றே அம் மாநிலப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் முதல் மணி அடிக்க முடிந்தது. கோள் போயினும் வாய்க்கால் நிலைத்தது.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கென முழுநேரத் தமிழ்க் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிய நாள் 2019 ஆகட்டு 26. கேரளத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னே. எடுசாட் மறைந்து ஒன்பது ஆண்டுகள் பின்னே. தொடங்கியவர்களைக் குறைகூறுவதற்கன்று இது; தொடங்கினரே என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், தென்னாட்டுக் கற்றை ஆறு ஆண்டுகள் தமிழ்நாட்டின் தலைக்கு மேலேயே விரிந்து கிடந்த காலத்தில், தமிழில் அத்தகைய ஒரு வரிசையை ஏன் ஏற்றவில்லை என்னும் வினாவை எந்தக் கட்சி அரசிடமும் எவரும் அழுத்தமாகக் கேட்கவில்லை. தமிழைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்கிய வாய்களில் ஒன்றிரண்டேனும், தமிழுக்கு ஓர் அலைமாற்றி கொடு என்று கேட்டிருக்கலாம். மேடைக்கு அது சுவையான பொருள் அன்று போலும்!

இனி மற்றொரு வேடிக்கையைக் காண்க. கல்விக்கோளை ஏவிய மூன்றாம் திங்களில், 2004 திசம்பரில், அரசுத் தொலைக்காட்சி வீடுகளுக்கு நேரே ஒளிபரப்பும் பணியைத் தொடங்கியது. எந்தக் கோளில்? நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நிறுவனம் ஒன்றின் என்.எசு.எசு-6 என்னும் கோளில். எடுசாட்டின் அலைமாற்றிகள் கல்விக்கென ஒதுக்கப்பெற்றவை; அவற்றைப் பொழுதுபோக்கு ஒளிபரப்புக்கு மாற்றியிருக்க வேண்டும் என்பது வாதம் அன்று. ஒருவகைக் கற்றைக்கு ஏற்ற கோள் மற்றொரு வகைக்கு ஏலாது என்பதும் உண்மையே. ஆனால், எந்த வகை ஆற்றல் எத்துணை வேண்டும், எப்போது வேண்டும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் வேலையை எவரும் செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒருபக்கம் கேட்பாரற்ற ஆற்றல். மறுபக்கம் அரசே அயலானுக்குக் கொடுத்த குத்தகை.

இந்நிலை பின்னும் நீடித்தது. 2006 சூலையில் இன்சாட்-4சி, ஏவூர்தியோடு கடலில் வீழ்ந்தது. அதற்கு மாற்றாக 2007 செப்டம்பரில் மற்றொன்று சென்றது. வரவேண்டிய கோள்கள் காலந்தாழ்ந்தன. வந்தவையும் வேண்டுவோர் விரும்பிய இடத்திலோ காலத்திலோ வாய்க்கவில்லை. தனியார் ஒளிபரப்பாளர் ஒருவர்பின் ஒருவராக அயல்நாட்டுக் கோள்களை நாடினர். வீட்டு நேரடி ஒளிபரப்புக்கான கோளாற்றலைப் பற்றிக் கணக்காய்வுத் தலைவர் 2014-இல் அளித்த அறிக்கை, அப் பணியில் ஈடுபட்ட அலைமாற்றிகளில் ஏறத்தாழக் காற்பங்கே இந்தியக் கோள்களுடையவை என்று காட்டிற்று. முக்காற் பங்குக் குத்தகை அயல்நாடுகளுக்குச் சென்றது. ஒருமுறை ஒருவன் அயற்கோளுக்குச் சென்றுவிட்டால் எளிதில் திரும்பான். ஏனெனில், ஊரெங்கும் உள்ள இலக்கக் கணக்கான வீட்டுக் கூரைகளில் ஏறி ஒவ்வொரு கிண்ணத்தையும் வேறு திசைக்குத் திருப்ப வேண்டும். அச் செலவை நினைத்தே அவன் அங்கேயே தங்கிவிடுவான். ஆகவே, ஓராண்டுக் காலத்தாழ்வு பல்லாண்டு வருவாய் இழப்பாக மாறும். புதிய கோள் வந்து நின்றாலும், வாடிக்கையாளர் வேறு கடையில் பழகிப்போயிருப்பார்.

இதற்கெல்லாம் கரணியம் என்ன? அறிவியலார் திறமைக்குறைவு அன்று. கோள் செய்வோரும், அதனை இயக்குவோரும், அதனைக் குத்தகைக்கு விடுவோரும், அயல்நாட்டுக் கோளை எவர் அமர்த்தலாம் என இசைவு தருவோரும் நெடுங்காலம் ஒரே துறையின் கீழ் இருந்தனர். கடைக்காரனே எடைக்கல்லையும் முத்திரையிட்டான். அயற்கோள் வேண்டுவோரும் அத் துறையின் வணிகக் கிளையான ஆண்ட்ரிக்சு வழியாகவே, பெரும்பாலும் குறுங்கால உடன்படிக்கையாக, அதனைப் பெற வேண்டியிருந்தது. இத்தகைய அமைப்பில் வாளா கிடக்கும் ஆற்றலைச் சுட்டிக்காட்டுவதால் ஊதியம் பெறுவார் எவரும் இலர். மறைப்பதால் தீங்குறுவாரும் இலர்.

இவ் வமைப்பின் அழுகல் வெளிப்பட்ட இடம் தேவாசு உடன்படிக்கை. 2005 சனவரியில் ஆண்ட்ரிக்சு நிறுவனம், இனிமேல்தான் செய்யப்பட வேண்டிய இரு கோள்களின் எசு அலைப்பட்டை ஆற்றலில் பெரும்பகுதியை ஒரே தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க உடன்பட்டது. 2011-இல் அரசு அதனை நீக்கியது. கோள்களுள் முதலாவதான சிசாட்-6 வானேறியது 2015 ஆகட்டில்; இரண்டாவதான சிசாட்-6ஏ, 2018 மார்ச்சு இறுதியில் ஏவப்பட்டுச் சில நாளில் தொடர்பிழந்தது. இதற்கிடையே, உடன்படிக்கையை நீக்கியதற்காக 56.25 கோடி தாலரும் வட்டியும் தருக என்று உலக வணிகத் தீர்ப்பாயம் ஒன்று 2015-இல் தீர்ப்பளித்தது. அந் நிறுவனமே ஏமாற்றின்மேல் எழுந்தது என்று இந்திய உச்சநயன்மன்றம் 2022 சனவரியில் கூறிற்று. 2025-இலும் அவ் வழக்கு அமெரிக்க உச்சநயன்மன்றம் வரை சென்றது. முறைகேடு செய்தவர் எவரெவர் என்பதை மன்றங்கள் முடிவு செய்யட்டும். மன்றத்தில் எவரும் பேசாத ஒன்று உண்டு: விலைமதிப்பற்ற அந்த அலைப்பட்டையால் 2005 முதல் 2015 வரை ஒரு மீனவனோ, ஒரு மலையூர்ப் பள்ளியோ பெற்ற பயன் யாது என்பதே அது.

இந் நோய் ஒரு நாட்டுக்கே உரியதும் அன்று. மொழிக்காகக் குருதி சிந்திப் பின் தனிநாடும் கண்ட வங்காளிகள், 2018 மே திங்களில் வங்கபந்து என்னும் பெயரில் தம் முதல் தொடர்புக்கோளை ஏவுவித்தனர். பிரெஞ்சு நாட்டு நிறுவனம் அதனைச் செய்தது. அமெரிக்க ஏவூர்தி கொண்டு சென்றது. 40 அலைமாற்றிகளில் 20 உள்நாட்டுக்கு, 20 அயல்நாடுகளுக்கு விற்க என்பது திட்டம். வங்கநாடு இருப்பது கிழக்கு நெட்டாங்கு 90 பாகை அளவில். கோளுக்குக் கிடைத்த இடமோ 119.1 பாகை, இந்தோனேசியாவுக்கு மேலே. அப் பகுதியில் முன்னமே கோள்கள் மிக்கிருந்தன. விற்பதற்கென வைத்த ஆற்றலின் பெரும்பகுதிக்குப் பல்லாண்டுகள் வாங்குவோர் வாய்க்கவில்லை. நாட்டுப்பெருமை நல்லதுதான், ஆயினும் கொடியேற்றும் மரத்தைக் கொண்டு ஏர் ஓட்ட முடியுமா என்று முன்னரே பார்த்துக்கொள்வது நன்று.

2019-இல் புதிதாக அமைந்த நடுவணரசு வணிக நிறுவனம் ஒன்று, முறையை மாற்றியிருக்கின்றது. முதலில் வாங்குவோரைத் தேடு. பிறகு கோளைச் செய் என்பது புதுமுறை. அதன்படி 2022 சூனில் ஏவிய சிசாட்-24 கோளின் ஆற்றல் முழுவதும் டாட்டா பிளே நிறுவனத்துக்கு முன்னதாகவே குத்தகையாயிற்று. 2024 நவம்பரில் அமெரிக்க ஏவூர்தியில் சென்ற சிசாட்-என்2 கோளின் பெரும்பகுதியும் அவ்வாறே முன்விலை போயிற்று. வாளா கிடக்கும் அலைமாற்றிகள் இம் முறையில் குறையும் என்பதில் ஐயமில்லை. வாய்க்காலை வெட்டிவிட்டே ஏரி வெட்டுகின்றனர், வரவேற்கத் தக்கது.

ஆனால், அவ் வாய்க்கால் எவன் கழனிக்குப் போகின்றது? முன்பணம் கட்ட வல்லவன் கழனிக்கு. கல்வராயன் மலையின் ஓராசிரியர் பள்ளி முன்பணம் கட்டுமா? கடலில் புயலை எதிர்நோக்கி நிற்கும் நாகைப் படகு குத்தகை எடுக்குமா? கேட்கும் வலிமை உள்ளவனுக்கே கோள் என்றால், கேட்க வலியற்றவனுக்குரிய பங்கு ஏட்டிலேயே ஏறாது. முன்னைய முறையில் அவனுக்கென ஒதுக்கினர், கொண்டுசேர்க்கவில்லை; புதுமுறையில் ஒதுக்குவதே இல்லை. பயன்படாத ஆற்றல் என்னும் புண்ணை ஆற்றுவதற்கு, ஏழையின் பங்கையே வெட்டி எறிவது மருத்துவம் ஆகாது.

நிரம்பியதுபோல் தோன்றி உள்ளே வெறுமையாய் இருக்கும் ஆற்றலும் ஒன்றுண்டு. 2017 சூலையில் சுவயம் பிரபா என்னும் பெயரில் கல்விக்கென 32 வரிசைகளை நடுவணரசு சிசாட்-15 கோளின் வழியே தொடங்கியது. பெயரே தமிழ்நாட்டு மாணவனுக்கு விளங்காத வடமொழிப் பெயர். ஒவ்வொரு வரிசையிலும் நாளொன்றுக்கு நான்கு மணிநேரப் புதுப்பாடம். அதனையே மேலும் ஐந்துமுறை திரும்பத் திரும்ப ஒளிபரப்புதல். மாணவன் தனக்கு ஏற்ற நேரத்தில் பார்க்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பெற்ற கரணியம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும், இருபத்து நான்கு மணிநேரமும் அலைமாற்றி உழைக்கின்றது எனக் கணக்கேட்டில் பதிவாகும்; உண்மையில் அது சுமப்பது நான்கு மணிநேரச் சரக்கே. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். எஞ்சிய இருபது மணிநேரத்தில் நான்கைத் தமிழுக்கும், நான்கைத் தெலுங்குக்கும், நான்கை வங்காளத்துக்கும் கொடுத்திருந்தால் கோளின் எரிபொருள் ஒரு துளியும் கூடுதலாகச் செலவாகியிராது. 2022-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், பள்ளி வகுப்புகளுக்கான 12 வரிசைகள் 200 ஆக விரிக்கப்படும், மாநில மொழிகள் எல்லாவற்றிலும் பாடம் வரும் என்று அறிவித்தனர். தாய்மொழி இல்லாமல் வாய்க்கால் கடைமடை சேராது என்பதை, எடுசாட் ஏறிப் பதினெட்டு ஆண்டு கழித்தேனும் ஒப்புக்கொண்டனர்.

அறிவிப்போடு நிறுத்திக்கொள்வது அரசுகளின் வழக்கம். அதற்குப் பின் கேட்பது மக்களின் கடமை. ஒவ்வொரு கோளிலும் எத்தனை அலைமாற்றிகள் உள்ளன, அவற்றுள் எவை எவரிடம் உள்ளன, எவை எத்தனை திங்களாக வாளா கிடக்கின்றன, ஒதுக்காக வைத்தவை எவை என்பதைத் திங்கள்தோறும் ஒரு தாளில் அச்சிட்டு வெளியிடுவது கடினமான செயல் அன்று. அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகின்றது; மேட்டூரில் இன்று எத்தனை அடி என்பதைத் தஞ்சை உழவன் காலையிலேயே அறிகின்றான்; குறைந்தால் கேட்கின்றான். வானத்து நீர்மட்டத்தை அறிவிக்க மட்டும் எந்தத் துறைக்கும் வாயில்லை. படைத்துறைக்குரிய கோள்களை மறைப்பர், மறைக்கட்டும். பள்ளிக்கும் ஒளிபரப்புக்கும் உரியவற்றில் மறைக்க என்ன இருக்கின்றது?

அடுத்து, ஏவப்படும் ஒவ்வொரு கோளிலும் மாநிலங்களுக்கென ஒரு பங்கு, அவற்றின் மொழிக்கும் கல்விக்கும் கடலோரக் காவலுக்கும் உரியதாக, முன்னரே எழுதப்பெறல் வேண்டும். அப் பங்கைக் குறித்த காலத்துக்குள் பயன்படுத்தத் தவறிய மாநிலம் அதன் கரணியத்தைத் தன் சட்டமன்றத்தில் கூறல் வேண்டும். உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்கு இவ்வகை நெறியையே வைத்திருக்கின்றது: பதிந்த அலைவெண்ணையும் இடத்தையும் ஏழாண்டுக்குள் பயனுக்குக் கொண்டுவராவிடில் உரிமை போய்விடும். நாடுகளைக் கட்டும் நெறி, ஒரு நாட்டுக்குள் இருக்கும் துறைகளைக் கட்டக் கூடாதா?

தமிழ்நாட்டரசு செய்யத் தக்கதும் ஒன்று உண்டு. அதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை. கல்வித் தொலைக்காட்சி இற்றைவரை பெரும்பாலும் கம்பிவடம் செல்லும் ஊர்களையே நம்பி நிற்கின்றது. கம்பிவடம் செல்லாத மலையூர்கள் எவை, அவற்றின் பள்ளிகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் கிண்ணமும் பெட்டியும் மின்னிணைப்பும் உள்ளனவா என்னும் கணக்கை முதலில் எடுக்கட்டும். அக் கணக்கு கையில் இருந்தால்தான், தில்லியிடம் அலைமாற்றி கேட்கும்போது எத்தனை பள்ளிக்கு என்று எதிர்வினா வந்தால் விடை கூற முடியும்.